நீதிபதியை நியமிப்பது யார்? பொம்மசந்திராவிலிருந்து ஒரு பயணம்

பெங்களூரின் தென்கோடித் தொழிற்பேட்டையிலிருந்து உயர் நீதிமன்றம் வரை சுமார் 25 கிலோமீட்டர். வழியெங்கும், உச்ச நீதிமன்ற நாற்காலிகளுக்காக ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் சண்டையின் தடயங்கள்.

காலை ஆறரை மணி. இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் கம்பெனி பஸ்களிலிருந்து இறங்குகிறார்கள். பகல் ஷிப்ட்காரர்கள் அதே பஸ்களில் ஏறுகிறார்கள். ஓசூர் ரோட்டின் ஓரத்தில், பெங்களூருக்கே உரிய பேக்கரி ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்ணெய் பிஸ்கட்டும் பன்னும் அடுக்கியிருக்கின்றன. முன்னால் நின்று டீ குடிக்கும் கூட்டத்தில் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. தமிழ் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறது.

"என்னண்ணா, சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிப் போட்டிருக்கீங்க? கோர்ட்டா?" என்கிறான் இருபது வயதுப் பையன் ஒருவன்.

"ஆமாப்பா. இன்னிக்கு லிஸ்ட்ல வருதாம். வக்கீல் சொன்னாரு."

"போன தடவையும் அதைத்தானே சொன்னாரு?"

"அவரு என்ன பண்ணுவாரு? அங்க ஜட்ஜே பத்தலையாம்."

2025 டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்த உரையாடல் இது. அயர்ன் பண்ணிய சட்டைக்காரருக்கு வயது 52. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர், எலக்ட்ரீஷியன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். நகரின் வேறொரு மூலையில் ஓர் அறக்கட்டளை நடத்திய பயிற்சி நிலையத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஒருநாள் வாயில்காவலர் உள்ளே விட மறுத்தார். தொழிலாளர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இப்போது பொம்மசந்திராவில் கான்ட்ராக்டில் வேலை. நிர்வாகத்தின் வாதம் ஒன்றே ஒன்றுதான்: 'நாங்கள் நடத்துவது தொழிலே அல்ல.'

தொழிற்சாலைகளின் நடுவே டீ குடிக்கும் ஒருவரின் வாழ்க்கை, தொழில் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் தொங்குகிறது. அந்தப் பொருளை முடிவு செய்ய வேண்டியவர்கள் டெல்லியில் இருக்கும் நீதிபதிகள். அவர்களை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியோ, அவர் பிறந்த ஆண்டான 1973ல் நாட்டையே உலுக்கியது.

சமுத்திரம் என்ற ஊர்

பொம்மசந்திரா என்ற பெயரைக் கேட்கும் தமிழருக்கு வானத்துச் சந்திரன் நினைவுக்கு வரலாம். ஆனால் இந்தச் சந்திரா, சமுத்திரம் தேய்ந்து வந்தது என்பார்கள். கடலைக் காணாத மேட்டு நிலத்தில் ஏரி வெட்டி, அதைச் சமுத்திரம் என்று அழைத்து மகிழ்ந்தவர்கள் அன்றைய மக்கள். தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரம், கோபாலசமுத்திரம் போன்ற பெயர்களுக்கு உறவுக்காரர்கள்தாம் பெங்களூரின் தெற்கே வரிசையாக வரும் கம்மசந்திராவும் சிங்கசந்திராவும் ஹொங்கசந்திராவும். எல்லைக்கு இந்தப் பக்கம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கற்திட்டைகளுக்குப் பேர்போன மல்லசந்திரமும் இதே குடும்பம்.

ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த பொம்மசந்திராவில் இன்று ஏரியைவிடப் பெரியது தொழிற்பேட்டை. மருந்து, வாகன உதிரிபாகம், மின்கருவி, பேக்கிங் என்று கட்டம் கட்டமாக விரிந்திருக்கிறது. ஜிகணி போகும் சாலையின் இருபுறமும் லாரிகள். பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இதய நோயாளிகள் வருகிறார்கள். தெற்கே சந்தாபுரா, அப்பால் அத்திபெலே எல்லை, அதைத் தாண்டினால் ஓசூர். மொத்தம் பதினைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலத்துப் பிள்ளைகளுக்கு இது பக்கத்து ஊர் வேலை.

பக்கத்து ஊர் என்பது எல்லா நாளும் உண்மையல்ல. 2016 செப்டம்பரில் காவிரியில் தமிழகத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. எல்லையில் வண்டிகள் நின்றன. ஊருக்குப் போக நினைத்தவர்கள் அத்திபெலேவரை நடந்து போய், அந்தப் பக்கம் வேறு பஸ் பிடித்தார்கள். 2018 பிப்ரவரி 16ல் வந்த இறுதித் தீர்ப்பு தமிழகத்தின் பங்கை 177.25 டிஎம்சி என்று நிர்ணயித்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டிஎம்சியில் 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீருக்கு. டெல்லியில் மூன்று நீதிபதிகள் கையெழுத்திட்டால் பொம்மசந்திராவில் பஸ் ஓடுமா, குழாயில் தண்ணீர் வருமா என்பதுகூடத் தீர்மானமாகிறது. நீதிபதி நியமனம் வக்கீல்களின் உள்விவகாரம் என்று எண்ணுபவர்களுக்கு இந்த ஊர் நல்ல பதில்.

ரயில் ஏறும் வழக்கு

2025 ஆகஸ்ட் 10ல் தொடங்கிவைக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடத்தின் கடைசி நிலையம் பொம்மசந்திரா. இங்கிருந்து ஆர்.வி. ரோடு வரை 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். முன்பு சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆன நாட்கள் உண்டு. இப்போது எலக்ட்ரீஷியன் ஜன்னலோரம் நின்று கீழே நெரியும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே போகிறார். கையில் மஞ்சள் துணிப்பை, அதற்குள் வழக்குக் கட்டு.

அந்தக் கட்டின் ஒவ்வொரு தாளிலும் வருகிற பெயர், ராஜப்பா. பெங்களூர் குடிநீர் வாரியத்தின் தொழிலாளி. ஒழுங்கீனம் என்று சொல்லி வாரியம் ராஜப்பாவிடமும் சகாக்களிடமும் அபராதம் பிடித்தது. விசாரணை முறையாக இல்லை என்று அவர்கள் தொழிலாளர் நீதிமன்றம் போனார்கள். 'நாங்கள் தண்ணீர் விநியோகிக்கும் அரசு வாரியம், தொழில் நடத்தவில்லை' என்றது வாரியம். வழக்கு டெல்லிக்குப் போய், 1978 பிப்ரவரி 21ல் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். முதலாளி, தொழிலாளி ஒத்துழைப்போடு முறையாக நடந்து, மனிதத் தேவைக்கான பொருளையோ சேவையையோ தருகிற எதுவும் தொழில்தான். லாப நோக்கம் இல்லை, தர்ம காரியம் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. மருத்துவமனை, கல்வி நிலையம், கிளப் எல்லாம் அதற்குள் வந்தன.

அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதியை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து தலசேரியில் வழக்கறிஞராக இருந்தவர். 1957ல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கேரள அமைச்சரவையில் மந்திரி. 1973ல் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்ப முடிவானபோது, கம்யூனிஸ்ட் அரசில் இருந்தவர் நீதிபதியா என்று பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் ஒருவரான சோலி சோராப்ஜி, பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

அமர்வுக்குத் தலைமை வகித்தவர் தலைமை நீதிபதி எம்.எச். பேக். ஓய்வு பெறும் தறுவாயில் அவர் பங்குகொண்ட தீர்ப்பு இது. ஆனால் அந்த நாற்காலி முறைப்படி பேக்குக்கு வந்திருக்க வேண்டியதல்ல. தொழிலாளியின் கையில் இருக்கும் கட்டில் ஒரே தீர்ப்பு. அதற்குள் நியமனச் சண்டைகள் இரண்டு.

ஏப்ரல் 25, மாலைச் செய்தி

மெட்ரோ பொம்மனஹள்ளி, பி.டி.எம். லேஅவுட் என்று பெங்களூர் தெற்குத் தொகுதிக்குள் ஓடுகிறது. 1977ல் இந்தத் தொகுதி டெல்லிக்கு அனுப்பிய எம்.பி.யின் பெயர் கே.எஸ். ஹெக்டே. ஜனதா அலையில் ஜெயித்து, அதே ஆண்டு மக்களவையின் சபாநாயகர் ஆனார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி.

நடந்தது இதுதான். 1973 ஏப்ரல் 24ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்றது ஏழுக்கு ஆறு என்ற பெரும்பான்மை. மறுநாள் தலைமை நீதிபதி சிக்ரியின் பதவிக்காலம் முடிகிறது. அடுத்த மூத்தவர் ஜே.எம். ஷெலட், பிறகு ஹெக்டே, பிறகு ஏ.என். குரோவர். மூவரும் பெரும்பான்மையில் இருந்தவர்கள். நான்காவது இடத்தில் இருந்த ஏ.என். ரே அரசின் பக்கம் நின்றவர். 1970ல் வங்கிகள் தேசியமயமாக்கல் வழக்கிலும் தனியாக நின்று அரசை ஆதரித்தவர். ஏப்ரல் 25 அன்று வானொலி அறிவித்த பெயர் ரே. மற்ற மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

இந்த நாடகத்தில் கர்நாடகத்துக்கு ஒரு பாத்திரம் என்றால், தமிழகத்துக்கு எதிர்ப் பாத்திரம். நாடாளுமன்றத்தில் இந்திரா காந்தி அரசின் முடிவுக்காக முழு மூச்சாக வாதாடியவர், உருக்கு அமைச்சர் மோகன் குமாரமங்கலம். முன்னாள் முதல்வர் சுப்பராயனின் மகன், சென்னை மாகாணத்தின் முன்னாள் அட்வகேட் ஜெனரல், புதுச்சேரி தொகுதியின் எம்.பி. நீதிபதியின் சட்ட அறிவு மட்டும் போதாது, அவருடைய சமூகப் பார்வையையும் அரசு பார்க்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். தலைமை நீதிபதிக்கு மூப்பு ஒன்றே தகுதி ஆகாது என்று 1958லேயே சட்டக் கமிஷன் சொன்னதையும் எடுத்துக்காட்டினார். அந்தக் கமிஷனின் தலைவராக இருந்த எம்.சி. செதல்வாட் அப்போது உயிரோடு இருந்தார். அரசைக் கண்டித்தவர்களின் முன்வரிசையில் நின்றார். ஒரே மாதத்தில், 1973 மே 31ல் விமான விபத்தில் குமாரமங்கலம் இறந்தார். அவர் விட்டுச் சென்ற கேள்வி இறக்கவில்லை.

ஹெக்டேயை வெறும் பலியாள் என்று எழுதிவிட்டால் கதை பாதிதான். தென் கன்னடம் சென்னை மாநிலத்தில் இருந்த காலத்தில், 1952ல் அங்கிருந்து மாநிலங்களவைக்குப் போன காங்கிரஸ்காரர் அவர். 1957ல் எம்.பி. பதவியை விட்டு மைசூர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். ராஜினாமாவுக்குப் பின் ஜனதா, கடைசியில் பாரதிய ஜனதா. கட்சியிலிருந்து நீதிமன்றத்துக்கு வந்தவர், நீதிமன்றத்தில் அந்தக் கட்சியின் அரசுக்கு எதிராகவே தீர்ப்பு எழுதினார். கட்சிக்காரர் நல்ல நீதிபதி ஆக முடியாது என்பதற்கோ, நீதிபதி ஆனவுடன் கட்சி மறந்துவிடும் என்பதற்கோ அவர் வாழ்க்கை சாட்சி சொல்லாது. நாற்காலியில் ஏற்றியவர்களுக்கு இறக்கும் அதிகாரமும் மறைமுகமாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் சாட்சி சொல்லும்.

மத்திய சிறை, இப்போது பூங்கா

ஆர்.வி. ரோட்டில் இறங்கி பச்சைத் தடம். மெஜஸ்டிக்கில் இறங்கி ஊதாத் தடம். மெஜஸ்டிக்கின் ஜன நெரிசலில் எலக்ட்ரீஷியன் பையை மார்போடு அணைத்துக்கொள்கிறார். அடுத்த நிலையம் சென்ட்ரல் காலேஜ். மேலே, சேஷாத்ரி ரோட்டில், பழைய மத்திய சிறை இப்போது ஃப்ரீடம் பார்க் என்ற பூங்கா. சிறையறைகள் சிலவற்றை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

1975 ஜூன் 26, நெருக்கடி நிலையின் முதல் நாள். நாடாளுமன்றக் குழுக் கூட்டத்துக்காக பெங்களூர் வந்திருந்த வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே, ஷியாம் நந்தன் மிஸ்ரா ஆகியோர் கைதாகி இந்தச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஆள்கொணர்வு மனு போட்டார்கள். மனுக்களை விசாரிக்கலாம் என்றது நீதிமன்றம். நாட்டின் வேறு பல உயர் நீதிமன்றங்களும் இதையே சொன்னன. 1976 ஏப்ரல் 28ல் உச்ச நீதிமன்றம், நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், நெருக்கடி நிலையில் கைதானவர் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று கதவைச் சாத்தியது. நால்வரில் ரே, பேக் இருவரும் உண்டு. மறுத்து எழுதிய ஒருவர் எச்.ஆர். கன்னா.

பிறகு வந்தது தண்டனைக் காலம். பெங்களூர் மனுக்களோடு தொடர்புடைய நீதிபதி சந்திரசேகர் அலகாபாத்துக்கும் சதானந்தசுவாமி கவுஹாத்திக்கும் மாற்றப்பட்டார்கள். நாடெங்கும் மாற்றப்பட்டவர்கள் 16 பேர். 1977 ஜனவரியில் மூத்தவரான கன்னாவைத் தாண்டி பேக் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார். 2024 நவம்பரில் அவருடைய சகோதரர் மகன் சஞ்சீவ் கன்னா அந்த நாற்காலியில் அமர்ந்தார். 1976ன் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2017 ஆகஸ்ட் 24ல் ஒழித்துக்கட்டியது. அந்த வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி, பெங்களூர்வாசி. நியாயம் இதே ஊருக்குத் திரும்பிவர 41 ஆண்டுகள் ஆயின.

மாற்றல் என்ற ஆயுதம் நெருக்கடி நிலையோடு துருப்பிடித்துவிடவில்லை. 1981ல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி மு.மு. இஸ்மாயிலைக் கேரளத்துக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை, ராஜினாமா செய்தார். நீதிமன்றம் இழந்தவரைக் கம்பன் கழக மேடை முழுதாகப் பெற்றது. தமிழுக்கு லாபம், நீதிக்கு?

கடிவாளம் கை மாறியது

அந்த ஆண்டு இறுதியில், நியமனத்தில் அரசின் வார்த்தையே இறுதி என்றது உச்ச நீதிமன்றம். 1993 அக்டோபர் 6ல் அது தலைகீழானது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த எஸ். ரத்னவேல் பாண்டியன் தலைமையில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, மூத்த நீதிபதிகளின் கருத்துக்கே முதன்மை என்றார்கள். 1998ல் தலைமை நீதிபதியும் அடுத்த நான்கு மூத்தவர்களும் கொண்ட குழு என்று வரையறை வந்தது. கொலீஜியம் என்ற சொல் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் பழகிப்போனது.

கடிவாளத்தைத் திரும்பப் பிடிக்க அரசியல்வாதிகள் எடுத்த பெரிய முயற்சி 2014ல். தேசிய நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான சட்டத் திருத்தத்தைக் கட்சிகள் கைகோர்த்து நிறைவேற்றின. வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனது கவனிக்கத்தக்கது. கர்நாடகத்திலிருந்து போயிருந்த அப்போதைய தலைமை நீதிபதி எச்.எல். தத்து, ஆணையத்தின் தேர்வுக் கூட்டத்தில் கலந்துகொள்ள மறுத்தார். 2015 அக்டோபர் 16ல் நாலுக்கு ஒன்று என்று ஆணையம் ரத்தானது. அதே தத்துவின் பெயரை பொம்மசந்திரா பேக்கரிக்காரர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். 2014 செப்டம்பர் 27ல் இந்த ஓசூர் ரோட்டை ஒட்டிய பரப்பன அக்ரஹாராவில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவித்தபோது, சாலை முழுக்க அதிமுக கரை வேட்டிகள். அக்டோபர் 17ல் ஜாமீன் கொடுத்தது தத்துவின் அமர்வு.

அமெரிக்காவில் இந்தச் சண்டை ஒளிவுமறைவில்லாமல் நடக்கிறது. ஜனாதிபதி பெயரைச் சொல்ல வேண்டும், செனட் விசாரித்து வாக்களிக்க வேண்டும். 1986ல் ஸ்கலியாவுக்கு 98 வாக்கு, எதிர்ப்பே இல்லை. மறு ஆண்டே ராபர்ட் போர்க் 58க்கு 42 என்று தோற்றார். 2016ல் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை, தேர்தல் ஆண்டு என்று சொல்லி 293 நாட்கள் விசாரிக்காமலே காயப்போட்டது குடியரசுக் கட்சி. 2020ல் தேர்தலுக்கு எட்டே நாள் இருக்கும்போது அதே கட்சி ஏமி பாரட்டை 52க்கு 48 என்று அமர்த்தியது. அங்கே நீதிபதியின் பெயரோடு அவரை ஏற்றிய கட்சியின் பெயரும் ஒட்டிக்கொள்கிறது. இங்கே அப்படி வாக்கெடுப்பு இல்லை. சண்டை மூடிய அறைக்குள். வெளியே வருவது கசியும் செய்திதான். அங்கே எல்லாம் தெரிகிறது, நம்பிக்கை குறைகிறது. இங்கே எதுவும் தெரிவதில்லை, நம்பிக்கை அப்படியும் குறைகிறது.

செங்கட்டடத்தின் முன்

அம்பேத்கர் நிலையத்தில் படியேறி வந்தால் ஒரு பக்கம் 1956ல் முடிந்த விதான சவுதாவின் வெள்ளைக் கருங்கல். எதிரே, 1868ல் முடிந்த அட்டாரா கச்சேரியின் சிவப்பு. பதினெட்டு இலாக்காக்கள் இருந்ததால் அந்தப் பெயர். சட்டம் செய்பவர்களும் சட்டம் சொல்பவர்களும் சாலைக்கு இரு புறமும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கிறார்கள்.

இந்தச் செங்கட்டடமும் அமளி கண்டதுதான். 2009ல் இங்கே தலைமை நீதிபதியாக இருந்த தமிழகத்தின் பி.டி. தினகரனை உச்ச நீதிமன்றத்துக்குக் கொலீஜியம் பரிந்துரைத்தது. திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் நில ஆக்கிரமிப்பு என்று சென்னை வழக்கறிஞர்கள் புகார் கொடுத்தார்கள். அவர் மறுத்தார். இங்கே வழக்கறிஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நவம்பரில் ஒரு நாள், விசாரணை நடத்திக்கொண்டிருந்த நீதிபதிகள் கோபால கவுடா, பி.வி. நாகரத்னா ஆகியோரை நீதிமன்ற அறைக்குள்ளேயே வைத்துப் போராட்டக்காரர்கள் பூட்டினார்கள். மாநிலங்களவையில் பதவிநீக்கத் தீர்மானத்துக்குக் கையெழுத்துகள் சேர்ந்தன. தினகரன் சிக்கிமுக்கு மாற்றப்பட்டார். 2011 ஜூலையில் ராஜினாமா செய்தார். புகார் உண்மையா பொய்யா என்ற முடிவு வரவேயில்லை. அவருக்கும் அது நியாயமல்ல, புகார் கொடுத்தவர்களுக்கும் அல்ல.

2017 செப்டம்பரில் இங்கே மூத்த நீதிபதியாக இருந்த ஜெயந்த் படேலை அலகாபாத்துக்கு மாற்றினார்கள். குஜராத்தில் இஷ்ரத் ஜஹான் வழக்கை சிபிஐயிடம் கொடுத்த அமர்வில் இருந்தவர். அவர் ராஜினாமா செய்தார். மாற்றலுக்கான காரணம் வெளியாகவில்லை. முன்பு அரசு மாற்றியது, இப்போது கொலீஜியம் மாற்றியது. காரணம் சொல்லாத பழக்கம் மட்டும் மாறவில்லை.

2023ல் சென்னையில் இரண்டு பெயர்கள். பிரதமரை விமர்சித்த கட்டுரை ஒன்றைப் பகிர்ந்ததாக உளவுத்துறை குறித்த வழக்கறிஞர் ஜான் சத்தியனைக் கொலீஜியம் இரண்டாம் முறை பரிந்துரைத்தும் அரசு நிறுத்திவைத்தது. பாஜக மகளிர் அணிப் பொறுப்பில் இருந்த விக்டோரியா கௌரி, பிப்ரவரி 7ல், அவருக்கு எதிரான மனு டெல்லியில் விசாரணையில் இருந்த நேரத்திலேயே பதவியேற்றார். மனு தள்ளுபடியானது. கிருஷ்ணய்யருக்கு இருந்த கட்சிக் கடந்தகாலம் மன்னிக்கப்பட்டது என்றால், மற்றவருக்கும் அதே அளவுகோல் வேண்டும். ஒரு கட்டுரையைப் பகிர்ந்ததே குற்றம் என்றால், கட்சிப் பொறுப்பு என்ன? அளவுகோல் ஆளுக்கொன்றாக இருப்பதுதான் சிக்கல்.

வாய்தா

மாலை நான்கு மணி வரை எலக்ட்ரீஷியனின் வழக்கு வரவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 62 நீதிபதிகள். பரிந்துரைகள் டெல்லியில் அங்குமிங்கும் பயணம் செய்வதால் அத்தனை நாற்காலிகளும் நிரம்பியிருப்பது அபூர்வம். வக்கீல் வெளியே வந்து கையை விரிக்கிறார். வந்திருந்தாலும் முழு விடை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ராஜப்பா தீர்ப்பு சரியா என்று பார்க்கும்படி 2017 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். 2025 டிசம்பர் வரை தீர்ப்பு இல்லை. இதற்கிடையே 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, தர்ம நிறுவனங்களைத் தொழில் என்ற சொல்லிலிருந்து விலக்கிவிட்டது. அவர் வழக்கு பழைய சட்டத்தின் கீழ் தொடங்கியது என்பதே அவருக்கு மிச்சமிருக்கும் பிடி.

"ஒம்போது ஜட்ஜ் உக்காரணுமாம். யாரு யாரு உக்காருவாங்கன்னு யாருக்குத் தெரியும்? நம்மளா ஓட்டு போடுறோம்?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குகிறார். அமெரிக்க செனட்டையும் கொலீஜியத்தையும் அவர் படித்ததில்லை. ஆனால் கேள்வி சரியான இடத்தில் விழுகிறது. அரசு தேர்ந்தெடுத்தால் அரசுக்கு வேண்டியவர்கள் வருவார்கள் என்ற பயம், 1973ஐ நினைத்தால் நியாயமானது. நீதிபதிகளே தேர்ந்தெடுத்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்ற குறையும் நியாயமானது. இரண்டுக்கும் நடுவே எளிதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. யாரை, ஏன் தேர்ந்தெடுத்தோம், யாரை, ஏன் விட்டோம், எத்தனை நாளுக்குள் அரசு பதில் சொல்ல வேண்டும் என்பதை எழுதி வெளியிடுவது. ஜான் சத்தியன் விஷயத்தில் ஒருமுறை வெளியிட்டபோது வானம் இடிந்து விழவில்லை.

2009ல் இந்தக் கட்டடத்தில் பூட்டப்பட்ட நாகரத்னா, 2021ல் உச்ச நீதிமன்றம் போனார். 1989ல் ஆறு மாதம் தலைமை நீதிபதியாக இருந்த இ.எஸ். வெங்கடராமையாவின் மகள். 2025 ஆகஸ்டில் கொலீஜியத்தின் ஒரு பரிந்துரைக்கு அவர் எதிர்க்கருத்து எழுதியதாகப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. அந்தக் குறிப்பைக் கொலீஜியம் வெளியிடவில்லை, நியமனம் நடந்தது. மூப்பு மரபு பிசகாமல் இருந்தால் 2027 செப்டம்பரில் அவர் நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதி ஆவார். பதவிக்காலம் 36 நாட்கள். ஹெக்டேயைத் தாண்டிப் போன அதே மரபு, கர்நாடகத்தின் இன்னொரு நீதிபதிக்குக் கைகொடுக்குமா என்பதை அப்போது பார்க்கலாம். மூப்பு என்பது மிகச் சிறந்த நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வழியல்ல. ஆனால் ஆட்சியாளரின் விருப்பத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்த, இதுவரை கண்டுபிடித்த மலிவான பூட்டு அதுதான்.

இருட்டிய பிறகு ரயில் பொம்மசந்திராவில் நிற்கிறது. பேக்கரியில் காலையில் பார்த்த பையன், இப்போது ஷிப்ட் முடிந்து நிற்கிறான்.

"என்னாச்சுண்ணா?"

"வாய்தாப்பா. ஒரு டீ சொல்லு."

மஞ்சள் பை மேசைமேல் உட்காருகிறது. நாளை காலை ஆறு மணிக்கு அவருக்கு ஷிப்ட். அடுத்த தேதி ஜனவரியில்.